அணைக்காத கற்பூரம்

என் பெயர் ஆறாயி. வயது ஐம்பத்தொன்று. கொட்டாஞ்சேனையில் ஒரு முடுக்கு வீட்டில் மகள் சுபாஷினியோடு இருக்கிறேன். மருதானையில் ஓர் அலுவலகத்தில் தரை துடைத்துக் கழிவறை கழுவுகிறேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. வெட்கப்பட வேண்டியவள் வெள்ளவத்தையில் நாலாம் மாடியில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறாள்.

அவளை அவள் என்றுதான் எழுதுவேன். பத்தொன்பது வருஷம் 'அம்மா, அம்மா' என்று கூப்பிட்டது போதும். நவரத்தினம் வீட்டு அம்மா. அந்த வீட்டில் நான் சமைத்தேன், துவைத்தேன், இரண்டு பிள்ளைகளைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கூட வேனில் ஏற்றினேன். எந்த அலுமாரிக் கதவு கிரீச்சிடும், எந்தப் பிள்ளை வெண்டைக்காயைத் தட்டுக்கு அடியில் ஒளிக்கும் என்பதெல்லாம் எனக்குத்தான் தெரியும். அவளுக்குத் தெரியாது.

அவளிடம் ஒரு சங்கிலி இருந்தது. மயில் பதக்கம் வைத்தது. மயிலுக்கு இரண்டு சிவப்புக் கல் கண்கள். ஒருநாள் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவும்போது ஒரு கண் கழன்று குழாயோடு போய்விட்டது. நானே போய்ச் சொன்னேன். "சரி, விடு" என்றாள். அன்றிலிருந்து அது ஒற்றைக்கண் மயில். நாலு வருஷத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை அந்தச் சங்கிலியைக் காணவில்லை. வீடு முழுக்கத் தேடினோம். நானும்தான் தேடினேன், மடைச்சி, கட்டிலுக்கு அடியில் படுத்துக்கூடத் தேடினேன்.

பிறகு என்னைச் சாமி அறைக்குக் கூப்பிட்டாள். தட்டில் கற்பூரம் கொளுத்தினாள். "எடுக்கேல்லை எண்டால் அணைச்சுச் சத்தியம் பண்ணு" என்றாள். தேயிலைத் தோட்டத்து எங்கள் ஆட்களிடமும் வடக்கத்து அவர்கள் ஆட்களிடமும் உள்ள வழக்கம்தான் இது. எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் பொத்தி அணைத்துச் சத்தியம் செய்துவிட்டால் அதற்கு மேல் யாரும் ஒரு வார்த்தை கேட்கக் கூடாது. சாதாரணமாக நகக்கண் அளவு ஒரு துண்டுதான் வைப்பார்கள். அவள் நாலு துண்டு வைத்திருந்தாள். நான் கையை வைத்தேன். முழுக்க அணையும்வரை எடுக்கவில்லை. தோல் தட்டோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

அவள் என் கையைப் பார்த்தாள், பிறகு என்ன சொன்னாள் தெரியுமா? "சாமிப் பயம்கூட இல்லாதவள்" என்றாள். பொலிசுக்குப் போன் எடுத்தாள்.

இரண்டு நாள் உள்ளே வைத்திருந்தார்கள். "ஹொரகம் கலாத?" என்று ஒருவர் சிங்களத்தில் கேட்டார். களவெடுத்தாயா என்று அர்த்தம். "நே மாத்தயா", இல்லை ஐயா என்றேன். அதையே ஐம்பது தடவை கேட்டார், நானும் ஐம்பது தடவை சொன்னேன். சாட்சி இல்லை என்று விட்டுவிட்டார்கள். ஆனால் ஊர் விட்டதா? அந்தக் கட்டடத்து வாட்ஸ்அப் குரூப்பில் என் படத்தைப் போட்டு, இவளை வேலைக்கு எடுக்க வேண்டாம் என்று எழுதியிருந்தாள். எதிர்வீட்டு சுபோதினி டீச்சர், "ஆறாயி, எனக்கு அரைநாள் வந்து நில்லு" என்று வருஷக்கணக்காகக் கெஞ்சியவர், என்னை லிப்டில் பார்த்ததும் கைப்பையை மாரோடு அணைத்துக்கொண்டார். அந்தக் கைப்பையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று மனதைத் தேற்றிக்கொண்டு நாலு வருஷம் போக்கினேன். போன சித்திரையில் சுபாஷினி போனை என் முகத்துக்கு முன்னால் நீட்டினாள். யாருடையதோ கலியாணப் படம். மண்டபத்தில் முன்வரிசையில் அவள் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். கழுத்தில் சங்கிலி. படத்தைப் பெரிதாக்கச் சொன்னேன். மயிலுக்கு ஒரு கண்.

சங்கிலி கிடைத்திருக்கிறது. என்றைக்குக் கிடைத்ததோ, எந்த அலுமாரி இடுக்கில் கிடைத்ததோ. ஒரு போன் கோல் எடுக்கவில்லையே! குரூப்பில், ஆறாயி எடுக்கவில்லை என்று ஒரு வரி எழுதவில்லையே!

"அம்மா, பொலிசுக்குப் போவமா?" என்றாள் சுபாஷினி.

"போனவாட்டி போனதே போதும்" என்றேன். "நான் கதிர்காமத்தானுக்கிட்டப் போறேன்."

எங்களுக்குத் தெரிந்த கடைசி நீதிமன்றம் அதுதான். ஒரு தேங்காயைக் காவிக்கொண்டு காட்டு வழியே நடந்து போய், பேரைச் சொல்லி, முருகன் வாசலில் சிதறடித்துவிட்டால் அநியாயம் செய்தவள் தலையில் அது இடியாய் இறங்கும். தேங்காயை வழியில் நிலத்தில் வைக்கக் கூடாது. அதுதான் நிபந்தனை. கொட்டாஞ்சேனைச் சந்தையில் ஒவ்வொரு தேங்காயாகக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தேன். "என்ன அக்கா, சம்பலுக்கா?" என்றார் கடைக்காரர். "ஒருத்தி மண்டைக்கு" என்றேன். அவர் நல்லதாக ஒன்றை எடுத்துத் தந்தார்.

ஆனி மாதம் எங்கள் பக்கத்துக் கோயிலிலிருந்து பஸ் பிடித்து முப்பத்தெட்டுப் பேர் உகந்தைக்குப் போனோம். கிழக்குக் கடற்கரையில் இருக்கிறது அந்த முருகன் கோயில். அங்கேதான் காட்டுக் கதவு திறப்பார்கள். அங்கிருந்து கதிர்காமம் போக ஐந்து நாள் நடை. யானைக் காடு, முள்ளுக் காடு, மணல், வெயில். ஆயிரக்கணக்கான பேர் நடப்பார்கள். அந்த வழியில் யாருக்கும் பேர் கிடையாது. ஆணோ பெண்ணோ, டாக்டரோ கூலியோ, எல்லாரும் 'சாமி'தான். பேர் கேட்பதும் ஊர் கேட்பதும் மரியாதை இல்லை.

பஸ்ஸிலேயே எனக்கு ஒருத்தியைப் பிடிக்கவில்லை. அறுபதைத் தாண்டிய மனுஷி, மெல்லிய கண்ணாடி, அயர்ன் பண்ணிய காவிச் சேலை. இருக்கையைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு உட்கார்ந்தார். பார்த்ததுமே தெரிந்தது, இதுவும் அந்த வகைதான், மணியடித்து ஆள் கூப்பிடுகிற வகை. காட்டுக்குள் நுழையும்போது செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு வெறுங்காலோடு நடந்தார். மத்தியானத்துக்குள் இரண்டு பாதமும் கொப்புளம். நல்லா வேணும் என்று நினைத்துக்கொண்டு நான் தாண்டிப் போனேன்.

"சாமி, கொஞ்சம் நில்லுங்கோ" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

நான் திரும்பினேன். "என்னையக் கூப்பிட்டீங்களா?"

"ஓம் சாமி. எனக்கு நடக்கேலாமல் கிடக்கு. உங்கட கையை ஒருக்காப் பிடிக்கட்டோ?"

இதே மாதிரிக் குரல் பத்தொன்பது வருஷம் என்னை 'ஏய் ஆறாயி' என்று கூப்பிட்டிருக்கிறது. இப்போது 'சாமி' என்கிறது! சும்மா சொல்லக் கூடாது, காதுக்குத் தேனாகத்தான் இருந்தது. அந்தச் சுகத்துக்காகவே கையைக் கொடுத்தேன்.

கொப்புளத்தை முள்ளால் குத்தி, மஞ்சள் பூசி, என் பழைய சேலையைக் கிழித்துக் கட்டிவிட்டேன். அவரோ பையைத் திறந்து ஒரு டப்பா பருத்தித்துறை வடையை எடுத்து, முதலில் எனக்கு நீட்டினார். எனக்குத் தந்துவிட்டுத்தான் தான் தின்றார். அவருடைய தண்ணீர்க் கேனையும் வாங்கி என் தோளில் போட்டுக்கொண்டேன். அன்றிலிருந்து நாங்கள் ஜோடி.

அவருக்குக் காட்டில் ஒன்றும் தெரியாது. மூன்று கல் வைத்துச் சோறு வடிக்கச் சொன்னால் இரண்டு தடவை உப்புப் போட்டார். குமுக்கன் ஆற்றங்கரையில் யானை லத்தியைப் பார்த்துவிட்டு என் முந்தானையைப் பிடித்துக்கொண்டார்.

"சாமி, இது பழசோ, புதுசோ?"

"சூடா இருக்கான்னு தொட்டுப் பாருங்க."

அவர் உண்மையாகவே குனிந்துவிட்டார்! நான் சிரித்த சிரிப்பில் முன்னால் போன கூட்டமே திரும்பிப் பார்த்தது. அவரும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். நாலு வருஷமாக நான் அப்படிச் சிரித்ததில்லை. அன்று ஆற்றில் ஒருத்தருக்கொருத்தர் முதுகு தேய்த்துவிட்டோம். அந்தக் கை என் முதுகைத் தேய்த்தபோது எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. எவரும் எனக்காகச் செய்யாத வேலை அது.

"பையில என்ன, நேர்த்தித் தேங்காயோ?" என்று கேட்டார். நான் அதை நிலத்தில் வைக்காமல் ஒவ்வொரு இடத்திலும் மரக்கிளையில் தொங்கவிடுவதைப் பார்த்திருக்கிறார்.

"ஆமா, நேர்த்திதான்" என்றேன். அதற்கு மேல் அவரும் கேட்கவில்லை.

ஒரு விஷயம் மட்டும் எனக்கு உறுத்தியது. ஒவ்வொரு நாளும் பொழுதுபடும் நேரம் தங்கும் இடத்தில் முருகனின் வேலை நட்டுப் பூசை நடக்கும். கற்பூரத் தட்டு சுற்றி வரும். எல்லாரும் இரண்டு கையாலும் சுடரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். இவர் மட்டும் தட்டு கிட்ட வந்ததும் கை இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு ஓரடி பின்வாங்குவார். முதல் நாள் கவனிக்காமல் விட்டாரோ என்று நினைத்தேன். மூன்றாம் நாள் வியாழையிலும் அப்படியே. வியாழை காட்டுக்கு நடுவில் ஒரு குளக்கரை. நல்ல வெளிச்சம் இருந்தது. நான் கேட்டேவிட்டேன்.

"சாமி, ஏன் நீங்க கற்பூரத்தக் கும்பிட மாட்டேங்குறீங்க?"

அவர் கொஞ்ச நேரம் கால் கட்டை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தார். பிறகு சொன்னார்.

"எங்கட வீட்டில, ஹெவ்லொக் டவுனில, ஒரு பிள்ளை வேலைக்கு நிண்டது. நிஷாந்தி எண்டு பேர். ஹட்டன் பக்கத்துப் பிள்ளை, உங்கட கதை மாதிரித்தான் அவளுக்கும் கதை வரும். அதாலதான் உங்களிட்டச் சொல்லோணும் போல கிடக்கு. பத்து வருசத்துக்கு முந்தி என்ர கலியாண மோதிரத்தைக் காணேல்லை. நான் கற்பூரத்தைக் கொளுத்தி அவளிட்டை நீட்டினனான்."

"அணைச்சாளா?"

"அணைச்சவள். கத்தாமல் அணைச்சவள். அப்பிடியும் பொலிசில குடுத்திட்டன்."

"மோதிரம்?"

"மூண்டு மாதத்தால தையல் மெசின் லாச்சிக்குள்ள கிடந்தது."

"அப்புறம்?"

"பிறகு என்ன? எடுத்துப் போட்டுக்கொண்டன்."

சொந்த இழுப்பறையில் கிடந்ததை எடுத்துப் போட்டுக்கொண்டாராம். காணாமல் போன செருப்புக் கிடைத்த மாதிரி! என் வலது உள்ளங்கையை விரித்து அவர் கண்ணாடிக்கு முன்னால் காட்டினேன். நடுவில் ஐந்து ரூபாய்க் குத்திக் காசு அளவில் வழவழவென்று ஒரு தழும்பு. ரேகையெல்லாம் அழிந்த இடம். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"உங்களுக்குமோ?" என்றார்.

நான் எழுந்து என் பாயை அந்தப் பக்கம் கொண்டுபோய்ப் போட்டேன்.

மறுநாள் விடிந்ததும் அவருக்குச் சொல்லாமல் புறப்பட்டேன். அவருடைய தண்ணீர்க் கேன் என் தோளில்தான் இருந்தது. தெரிந்தேதான் கொண்டு போனேன். வியாழைக்கும் வள்ளியம்மன் ஆற்றுக்கும் இடையில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. வெயில் மண்டையைப் பிளக்கும். கிடந்து சாகட்டும் என்று நினைத்தேன். மறைக்க என்ன இருக்கிறது, அப்படித்தான் நினைத்தேன். முருகன் என் கையில் அவளைத் தரவில்லை, இவளைத் தந்திருக்கிறான், இதுவாவது கிடைத்ததே என்று ஒவ்வொரு அடியையும் ஓங்கி ஓங்கி வைத்தேன்.

பத்து மணி இருக்கும். ஒரு பாலை மரத்தடியில் நின்றுவிட்டேன். இரக்கத்தால் இல்லை. மனுஷியை வாய்விட்டுத் திட்டவே இல்லையே என்று நினைவு வந்தது. திட்டாமல் சாகவிடுவது எப்படி?

ஒரு மணித்தியாலம் கழித்துக் கடைசிக் கூட்டத்தோடு வந்தார். ஒரு தடியை ஊன்றி இழுத்து இழுத்து வந்தார். யாரோ கொடுத்த தண்ணீரைக் குடித்திருந்தார் போல. என்னைக் கண்டதும் கேனைப் பார்க்கவில்லை, கையை நீட்டவில்லை. எனக்கு எதிரில் மணலில் உட்கார்ந்தார்.

திட்டினேன். நாலு வருஷத்துக்குச் சேர்த்துத் திட்டினேன். "உங்களுக்கெல்லாம் நெஞ்சுல இருக்கறது என்னா, கல்லா? ஒங்க மோதிரம் ஒங்க லாச்சிக்குள்ள கெடக்க, ஒரு வயசுப் புள்ளய பொலிசுல கொண்டு போய் விட்டீங்களே! கெடச்ச அன்னிக்கே ஒரு வார்த்த சொல்லியிருந்தா ஒங்க நாக்கு அழுகிப் போயிருக்குமா?" அவர் ஒன்றுக்கும் மறுப்புச் சொல்லவில்லை. ஒவ்வொன்றுக்கும் "ஓம்" என்றார். திட்டு வாங்கிக்கொண்டே இருப்பவரை எவ்வளவு நேரம்தான் திட்டுவது? எனக்கு மூச்சு வாங்கியது.

"அவ உங்களுக்குச் சாபம் விட்டாளா?" என்று கேட்டேன்.

"விட்டவள். பொலிசால வந்த அண்டைக்கு எங்கட கேட்டுக்கு முன்னால நிண்டு மூண்டு தரம் மண் அள்ளித் தூத்தினவள். நான் யன்னலால பாத்தனான்."

"அப்புறம் உங்களுக்கு என்னா ஆச்சு?"

"ஒண்டும் ஆகேல்லை, சாமி."

"ஒண்ணுமா?"

"ஒண்டும். பிள்ளையள் கனடாவில நல்லா இருக்கினம். பென்சன் வருது. சீனி வருத்தம்கூட இல்லை. ஒவ்வொரு வெள்ளியும் கோயிலில போய் முருகனிட்டப் பிழையைச் சொல்லுறனான். நெஞ்சு ஆறேல்லை. அதுதான் நடந்து வந்து சொல்லுவம் எண்டு வந்தனான்."

கையில் இருந்த தேங்காயைப் பார்த்தேன். அந்தப் பிள்ளை மூன்று தடவை மண் தூற்றியிருக்கிறாள், வயிறெரிந்து தூற்றியிருக்கிறாள், இந்த மனுஷிக்கு ஒரு நீரிழிவுகூட வரவில்லை! அரசன் அன்று கொல்வான், தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள். எவ்வளவு நேரம் நிற்கும்? இந்தத் தேங்காயை நான் கதிர்காமத்தில் உடைத்துவிட்டுப் போவேன். அவள் அடுத்த கலியாணத்துக்கும் அந்தச் சங்கிலியைப் போட்டுக்கொண்டு போவாள். முருகன் பெரிய மனசு பண்ணி விட்டுவிடுவான். அவனுக்கென்ன, அவன் கையா வெந்தது?

"நீங்க முருகன் மேலயா களவுப் பட்டம் கட்டுனீங்க?" என்று கேட்டேன்.

"இல்லை."

"அப்ப அவருக்கிட்ட ஏன் சொல்றீங்க? யார் மேல கட்டுனீங்களோ அவகிட்டப் போய்ச் சொல்லுங்க. அவ வாசல்ல நின்னு, நாலு பேருக்குக் கேக்குற மாதிரி."

அவர் தடியை இறுகப் பிடித்துக்கொண்டார். காட்டு யானைக்குப் பயந்ததைவிட இதற்கு அதிகம் பயந்தார்.

"நீங்கள் கூட வருவியளோ?" என்றார் கடைசியில்.

"வருவேன். நீங்க சொல்லி முடிச்சதுக்கப்புறம் எனக்கு ஒரு எடத்துக்கு நீங்க வரணும்."

"ஓம்" என்றார். அப்போதுதான் கேனைக் கொடுத்தேன். பாதியை ஒரே மூச்சில் குடித்தார்.

மிச்சத் தூரத்தை இருவரும் சேர்ந்தே நடந்தோம். சிரிப்பு இல்லை. ஆனால் கையை விடவில்லை. கதிர்காமத்தில் மாணிக்க கங்கையில் முழுகிவிட்டுத் தேங்காய் உடைக்கும் இடத்துக்குப் போனேன். சுற்றிலும் படார் படாரென்று உடைகிறது. சனம் "அரோகரா" என்கிறது. நானும் கையை ஓங்கினேன். ஓங்கிய கையை இறக்கிக்கொண்டேன். 'முருகா, இந்த வழக்கை உன்னிடமிருந்து எடுத்துக்கொண்டு போகிறேன், கோபிக்காதே' என்று சொல்லிவிட்டுத் தேங்காயோடு பஸ் ஏறினேன். அந்தப் பஸ்ஸில்தான் அவர் தன் பேரைச் சொன்னார். சிவமணி. நானும் என் பேரைச் சொன்னேன்.

கொழும்பில் வீட்டு வேலைக்கு நிற்கும் பெண்களுக்குள் செய்தி தபாலைவிட வேகமாகப் போகும். நாலு பேரிடம் விசாரித்தேன், இரண்டே நாளில் நிஷாந்தி அகப்பட்டாள். கொலன்னாவையில், எண்ணெய்த் தாங்கிகளுக்குப் பின்னால் ஒரு வரிசை வீட்டில் இருந்தாள். கலியாணமாகி இரண்டு பிள்ளைகள். நாங்கள் போனபோது வாசலில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். சிவமணி அம்மாவைக் கண்டதும் கையிலிருந்த சட்டையைப் பிழிந்தபடியே நின்றாள்.

"நிஷாந்தி, அந்த மோதிரம் என்ர லாச்சிக்குள்ளதான் கிடந்தது. நீ எடுக்கேல்லை. நான் செய்தது பெரிய பிழை" என்றார் சிவமணி அம்மா.

நிஷாந்தி அழுவாள் என்று நினைத்தேன். அவள் அழவில்லை. "நில்லுங்க" என்றாள். உள்ளே போய், ஒரு கிழவியைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்து வாசலில் நிறுத்தினாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் இரண்டு பேரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டாள்.

"எங்க மாமிக்குக் காது மந்தம். இன்னொருக்காச் சத்தமாச் சொல்லுங்க."

சொன்னார். "இன்னும் சத்தமா" என்றாள். மூன்றாம் தடவை சிவமணி அம்மா கத்தியே சொன்னார். களவுப் பேர் கேட்டவள் என்று, கலியாணமான நாளிலிருந்து பெட்டிச் சாவியை மருமகள் கண்ணில் காட்டாத கிழவி அது என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நிஷாந்தி கதவைச் சாத்திக்கொண்டாள். "இப்பக் கேட்டுச்சா?" என்று உள்ளே மாமியாரிடம் கேட்டது எங்களுக்குக் கேட்டது.

ஆட்டோவில் வரும்போது சிவமணி அம்மா, "மன்னிச்சிட்டன் எண்டு ஒரு சொல்லுச் சொல்லேல்லையே" என்றார்.

"சொல்லியிருந்தா நான் அவள மதிச்சிருக்க மாட்டேன்" என்றேன்.

அடுத்த ஞாயிறு பின்னேரம் ஐந்து மணிக்கு இருவரும் வெள்ளவத்தைக்குப் போனோம். கேட்டில் வாட்சர் நபீஸ் என்னைக் கண்டு எழுந்தார். பாவம், அவர் ஒருத்தர்தான் அப்போதும் என்னோடு முகம் கொடுத்துப் பேசியவர்.

"ஆறாயி, உன்ன உள்ள விட வாணாம்னு சொல்லி வெச்சீக்கி. என்ட வேலைக்கு வெட்டு விழும்" என்றார்.

"அவ என்னோட வாறா. எனக்கு உதவிக்கு" என்றார் சிவமணி அம்மா, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு. அந்தக் குரலுக்கு எந்தக் கேட்டும் திறக்கும். நபீஸ் லிப்ட் பட்டனைத் தானே அழுத்திவிட்டு, எங்களோடு ஏறிக்கொண்டார்.

பெல் அடித்ததும் அவளே கதவைத் திறந்தாள். கோயிலுக்குப் போய் வந்த சேலை, நெற்றியில் விபூதி, கழுத்தில் சங்கிலி. முதலில் சிவமணி அம்மாவைப் பார்த்து, "வாங்கோ, ஆரெண்டு..." என்று பல்லைக் காட்டினாள். அப்புறம் என்னைக் கண்டாள். பல் உள்ளே போய்விட்டது.

நான் தேங்காயை எடுத்து அவள் வாசற்படிக்கு நேரே தரையில் வைத்தேன். சந்தையில் வாங்கியதிலிருந்து அது நிலத்தைத் தொட்டது அப்போதுதான். குடுமிக்குப் பக்கத்தில் கற்பூரம் வைத்தேன். எண்ணி நாலு துண்டு. கொளுத்தினேன். அதற்குள் சிவமணி அம்மா எதிர்வீட்டு பெல்லை அடித்துவிட்டார். சுபோதினி டீச்சர் வெளியே வந்தார். மேல்மாடிப் படியில் இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

"அம்மா" என்றேன். பழக்க தோஷம், அப்படித்தான் வந்தது. "ஆறாயிதான் சங்கிலிய எடுத்தான்னு சொல்லி இத அணைங்க. நான் அணைச்ச மாதிரி. அணைச்சுட்டீங்கன்னா நானே பொலிசுக்குப் போறேன்."

"இதென்ன விசர்க்கூத்து! நபீஸ், இவளை வெளியில போடும்!"

நபீஸ் லிப்ட் பக்கத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நாலு வருஷமா நான் வாய் தொறக்கல" என்றேன். விரித்த கையை டீச்சருக்கும் படியில் நின்றவர்களுக்கும் காட்டினேன். "நான் அணைச்சது இது. இவங்க அணைக்கட்டும். சின்ன நெருப்புத்தானே!"

டீச்சர் என் கையைப் பார்த்தார். பிறகு அவள் கழுத்தைப் பார்த்தார். அந்த ஒற்றைக்கண் மயில் டீச்சருக்கும் நன்றாகத் தெரியும், எத்தனை விசேஷத்துக்குச் சேர்ந்து போயிருப்பார்கள். அவள் சேலைத் தலைப்பை இழுத்துக் கழுத்தை மூடினாள். மூடியதுதான் பிசகு. மூடாமல் இருந்திருந்தால் யாராவது சந்தேகப்பட்டிருப்பார்கள், அவ்வளவுதான்.

"தங்கச்சி, அணையுங்கோவன்" என்றார் சிவமணி அம்மா, மெதுவாக. "உண்மை எண்டால் அணையுங்கோ. எனக்கு ஏலாமல் போனது. உங்களுக்கு ஏலுமோ எண்டு பாப்பம்."

அவள் கை முன்னால் வந்தது. சுடர் வரைக்கும் வரவில்லை. இரண்டு கையும் பின்னால் போய் முதுகில் கோர்த்துக்கொண்டன. ஓரடி பின்வாங்கினாள். காட்டில் மூன்று நாள் நான் பார்த்த அதே பின்வாங்கல்தான். என் பக்கத்தில் சிவமணி அம்மா மூச்சை இழுத்தது கேட்டது.

நாலு துண்டு கற்பூரம் எரிந்து முடிய எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியும். உள்ளங்கைக்குக் கீழே வைத்து எண்ணியிருக்கிறேன். அது தானாக எரிந்து, தேங்காயைக் கறுப்பாக்கிவிட்டு, தானாக அணைந்தது.

அவள் சங்கிலியைக் கழற்றினாள். கொக்கி அகப்படாமல் விரல் தடுமாறியது. பதினைந்து தடவையாவது அந்தக் கொக்கியை நான் மாட்டிவிட்டிருக்கிறேன். "இந்தா, கொண்டு போ. சத்தம் போடாதை ஆறாயி, பிள்ளையளுக்குக் கலியாணம் பேசுறம்" என்றாள்.

"அத வாங்கினா இன்னிக்குத்தான் நான் கள்ளி" என்றேன். "ஒங்க கழுத்துலயே கெடக்கட்டும். போடுற நேரமெல்லாம் என் கை ஞாபகம் வரட்டும்."

சுபோதினி டீச்சர், "ஆறாயி..." என்று ஏதோ தொடங்கினார். "ஒங்க கைப்பையப் பத்திரமாப் பாத்துக்குங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு லிப்டுக்குள் போனேன். சிவமணி அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

அன்று இரவே டீச்சர் அந்தக் குரூப்பில் எழுதிவிட்டாராம். சுபாஷினி காட்டினாள். 'ஆறாயி எடுக்கவில்லை' என்று இரண்டு சொல்தான். நாலு வருஷத்துக்கு இரண்டு சொல். நான் அதை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னேன். அரைநாள் வேலைக்கு வரச் சொல்லியும் டீச்சர் கேட்டிருந்தார். முடியாது என்று எழுதச் சொன்னேன்.

தேங்காயை வேண்டுமென்றே அங்கே விட்டுவிட்டு வந்தேன். சாபத்துக்கு வைத்த தேங்காயைத் தொட அந்தக் கட்டடத்தில் யாருக்குத் துணிச்சல் வரும்? மூன்று நாள் அவள் வாசலிலேயே கிடந்ததாம், நபீஸ்தான் போனில் சொன்னார். கூட்ட வந்தவன் அதைச் சுற்றிக் கூட்டிவிட்டுப் போனானாம். புதிதாக வேலைக்கு நின்ற பிள்ளை, தொட மாட்டேன் என்று சொல்லிப் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டாளாம். நாலாம் நாள் காலையில் அவளே ஒரு பொலித்தீன் பையோடு வந்து, குனிந்து, இரண்டு கையாலும் அதை எடுத்தாளாம். பத்தொன்பது வருஷத்தில் அவள் தரையில் குனிந்து எதையும் எடுத்து நான் பார்த்ததில்லை.